உதகையில் ஒன்றரை நாள்

எர்ணாவூரில் வசிப்பவர்களுக்கு நல்ல காற்று என்பது பாடப் புத்தகத்தில் படித்தறிய வேண்டிய விஷயம். எண்ணூர் அனல் மின்சார நிலையத்தை 2017-இல் மூடிவிட்டார்கள். ஆயினும் மற்றப் புகைபோக்கிகளும், துறைமுகத்தை நோக்கி அணிவகுத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகளும் அந்தக் குறை தெரியாமல் பார்த்துக் கொள்கின்றன. ஆகையால், விடைத்தாள்களைத் திருத்தி முடித்த ஒரு வெள்ளிக்கிழமை இரவு நீலகிரி எக்ஸ்பிரஸில் தன்னந்தனியாக ஏறி உட்கார்ந்தோம். 'நாம்' என்றதும் குடும்ப சமேதராய்ப் போனதாக நேயர்கள் எண்ண வேண்டாம். பத்திரிகை மரியாதைக்குத்தான் பன்மை, டிக்கெட் ஒன்றுதான்.

உதகைக்கும் ஆல்ப்ஸ் மலைக்கும் உள்ள உறவு குளிரோடு முடிந்து விடுவதில்லை. ஸ்விட்ஸர்லாந்து இஞ்சினீயர் ரிக்கன்பாக் 1882-இல் இங்கே வந்து பார்த்துப் போனார். பின்னர் ரயில் பாதை போட்டபோது கையாண்டது, ஆப்ட் என்ற மற்றொரு ஸ்விஸ்காரரின் பல்சக்கர முறை. எஞ்சின்கள் வந்ததும் அந்நாட்டு விண்டர்தூர் நகரிலிருந்துதான். 1899-இல் குன்னூர் வரைக்கும், 1908-இல் உதகை வரைக்கும் வண்டி ஓடியது. மேட்டுப்பாளையத்தில் எஞ்சின் முன்னால் நின்று இழுப்பதில்லை. பின்னால் நின்று தள்ளுகிறது. கல்லாறு தாண்டியதும் பன்னிரண்டடிக்கு ஓரடி என்று பாதை ஏறுகிறது. எஞ்சினின் பல்சக்கரம் நடுத் தண்டவாளத்தின் பற்களைக் கவ்விக் கவ்வி ஏறும் ஓசை, கரும்பு ஆலை அரைப்பதைப் போல் கேட்கிறது. பழைய ஸ்விஸ் எஞ்சின்கள் தளர்ந்து போன பிறகு, புதிய நீராவி எஞ்சின்களை நம்முடைய பொன்மலைப் பட்டறையிலேயே செய்து அனுப்பினார்கள். இதைக் கேட்டபோது நமக்கு இரண்டு அங்குலம் உயரம் கூடிவிட்டது.

உதகையில் இறங்கியதும் நாம் முதலில் போனது ஸ்டீபன்ஸ் தேவாலயம். 1831-இல் திறந்த இந்தக் கோயிலின் பெருந்தேக்கு உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து பெயர்த்து வந்தவை. ஒரு சுல்தானின் கூரை ஒரு தேவனின் கூரையாயிற்று! கலாசாரக் கலப்பு என்று இக்காலத்தில் இனிமையாகச் சொல்கிறார்களே, அதில் ஒரு பகுதி இவ்விதம் மலையேறி வந்ததுதான். கோயில் தோட்டத்தில், உதகையை நிர்மாணித்த கலெக்டர் சல்லிவனின் மனைவியும் மகளும் அடக்கமாகியிருக்கிறார்கள். இருவரும் 1838-இல் காலமானார்கள். துரைமார் மீது நமக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும் அந்தக் கல்லறைமுன் சற்று நின்றுதான் வரவேண்டியிருக்கிறது. தோதவரிடம் ஏக்கர் ஒரு ரூபாய் வீதம் நிலம் வாங்கியதாகச் சொல்லப்படும் இதே சல்லிவன், மலை நிலம் தோதவருக்கே உரியதென்று மேலிடத்தோடு வாதாடியும் இருக்கிறார். மனிதர்கள் எப்போதும் ஒரே நிறத்தில் இருப்பதில்லை.

நீலகிரி நூல்நிலையம், நம் பல்கலைக்கழக செனட் மண்டபத்தைக் கட்டிய சிசம் துரையின் வேலைப்பாடு. வெளியிலிருந்தே பார்த்துவிட்டுக் கடைத்தெருவுக்கு நடந்தோம். காரட் மூட்டைகளுக்கிடையில் படுக மொழி, கன்னடம், மலையாளம், தமிழ் எல்லாம் ஒரே சமயத்தில் பேரம் பேசுகின்றன. நம்மை அறைக்கு அழைத்துச் சென்ற ஆட்டோக்காரர் பேசிய தமிழில் மட்டும் வேறொரு ராகம் இருந்தது. "பாட்டி ஹட்டன்ல பிறந்தவங்க சார்" என்றார். 1964-ஆம் வருஷத்து சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்காக அரசாங்கம் இம்மலைகளில் தேயிலைத் தோட்டங்கள் போட்டது. "அங்க எங்களை இந்தியாக்காரன்னாங்க, இங்க வந்தா சிலோன்காரன்னு பேரு" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நமக்குச் சிரிப்பு வரவில்லை. பர்மாவிலிருந்து வந்தவர்களுக்கு வடசென்னையில் நாம் வைத்த பெயர் நினைவுக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தாவரத் தோட்டம். 1848-இல் மக்ஐவர் என்பவர் அமைத்தது. ஜனங்கள் புல்தரையில் படம் பிடித்துக்கொண்டிருக்க, நாம் மேலே ஏறித் தோதவர் மந்துக்குப் போனோம். இப்போது குடியிருப்பது சிமெண்டு வீடுகளில். ஆனால் அரைப் பீப்பாயைக் கவிழ்த்தாற்போன்ற பழைய வடிவில், தவழ்ந்தே நுழையக்கூடிய சிறு வாசலோடு கோயில் நிற்கிறது. 'மந்து' என்ற சொல் நம்முடைய மன்று, மந்தை என்பவற்றுக்கு உறவு என்று மொழி நூலார் கூறுகிறார்கள். உதகமண்டலத்தின் ஆங்கிலப் பெயரின் வாலில் ஒட்டிக்கொண்டிருப்பதும் அதுவே.

வாசலில் வயதான அம்மாள் ஒருவர் கறுப்பும் சிவப்புமாகப் போர்வையில் பூவேலை செய்துகொண்டிருந்தார். இந்த வேலைப்பாட்டுக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எருமைகள் எத்தனை என்று கேட்டோம்.

"இப்ப எங்கே சார்? மேய இடம் வேணுமே. புல்லு இருந்த இடமெல்லாம் தைல மரம், சீகை மரம், டேம்."

அந்தப் புல்வெளிகள் தரிசு என்று நினைத்து, வெள்ளைக்காரன் நட்டான். சுதந்திரம் வந்த பின் நாமும் நட்டோம். கனடா உதவியோடு கட்டிய குந்தா மின்சாரத் திட்டத்தின் நீரில் மூழ்கிய பள்ளத்தாக்குகளும் உண்டு. அந்த மின்சாரத்தில் எர்ணாவூர் விளக்கு ஒன்றாவது எரிந்திருக்குமோ என்னவோ!

"பேரப் பிள்ளைகள் உங்கள் பாஷை பேசுகிறார்களா, அம்மா?"

"வீட்டில பேசும். பள்ளிக்கூடத்தில தமிழும் இங்கிலீசும்தானே சொல்லித் தர்றீங்க?"

வாத்தியார் என்று நாம் சொல்லவேயில்லை, எப்படியோ கண்டுகொண்டார். தோதவர் சுமார் 2,000 பேர்தான். எழுத்தில்லாத அவர்கள் மொழியை 1930-களில் இங்கே தங்கிக் கேட்டு, பாடல்களைத் தொகுத்து 1971-இல் புத்தகமாக்கியவர், கனடாவில் பிறந்த எமனோ. தமிழின் தாயாதி மொழி. நமக்கு ஓர் இரவு ரயில் தூரம். அந்த அம்மாளின் கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை.

போர்வைக்குச் சொன்ன விலையைக் கொடுத்தோம். டிசம்பர் மாதம் முத்தநாடு மந்தில் விழா நடக்கும், ஆண்கள் உருண்டைக் கல்லைத் தோள்மேல் தூக்குவார்கள், வந்து பாருங்கள் என்றார். அரையாண்டுப் பரீட்சை முடிந்திருக்கும் என்று சொல்லிவிட்டு, இரண்டு மணி வண்டிக்கு வேகமாக இறங்கினோம்.