அளந்துவிட்ட கரை

பரிபாடலின் வையைப் பாடல்களை நடத்தும் நாள்களில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. புதுவெள்ளம் காண ஊரே திரண்டு சென்ற மகிழ்ச்சியை நான் விளக்கிக்கொண்டிருப்பேன். ஆண்டின் பெரும்பகுதியும் மணலும் ஆகாயத்தாமரையுமாகக் கிடக்கும் வைகையைப் பேருந்தில் கடந்து வந்த மாணவர்கள், மரியாதை கருதிக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். வெள்ளம் அவர்களுக்கு ஏட்டுச்சொல்.

2024 அக்டோபர் 25 அதனை மாற்றிற்று. அன்று பிற்பகல் 3 மணிக்கும் 3.15 மணிக்கும் இடையே மட்டும் 4.5 செ.மீ. மழை, அன்றைய மொத்தம் 9.8 செ.மீ. செல்லூர்க் கண்மாயின் மிகைநீரை வைகைக்குக் கொண்டுசெல்லும் பந்தல்குடிக் கால்வாய் தாங்கவில்லை. வடகரைத் தெருக்கள் மூழ்கின. பழைய வெள்ளம் ஆற்றிலிருந்து ஊருக்கு வந்தது. இன்றைய வெள்ளமோ, ஆற்றுக்குப் போக வழியறியாமல் ஊருக்குள் நின்றுவிட்ட நீர்.

மழை மிகுவதனால் மட்டும் வெள்ளம் நேர்வதில்லை. மண் உறிஞ்சுவதற்கும் கால்வாய் கடத்துவதற்கும் மேலாக நீர் வந்து சேரும்போதே அது நேர்கிறது. மதுரையைச் சூழ்ந்த சமவெளியில் இதனை நிதானப்படுத்தியவை கண்மாய்கள். ஒன்று நிரம்பினால் கலுங்கு வழியே மறுகால் பாய்ந்து அடுத்ததை நிரப்பும்; ஓரிடத்து மழை ஊர் ஊராக நடந்து, தாமதமாகவே ஆற்றை அடையும். இன்று வயல் கான்கிரீட்டாகிவிட்டது. நீர் நடப்பதில்லை, ஓடுகிறது. கண்மாய்களும் மனைகளாயின, அலுவலகங்களாயின. 2004இல் திறக்கப்பட்ட உயர்நீதிமன்றக் கிளையே உலகனேரிக் கண்மாய்ப் பரப்பில்தான் நிற்கிறது.

பிறரைக் குறை சொல்வது எளிது. அந்த மழைக்குப் பிறகுதான் என் வீட்டுத் தாய்ப்பத்திரத்தை எடுத்துப் படித்தேன். செக்குபந்தியில் கிழக்கெல்லையாக 'வரத்துக் கால்வாய்' என்றிருந்தது. இப்போது அங்கே தார்ச்சாலை. போதாக்குறைக்கு, வீடு கட்டும்போது தரையை மூன்றடி உயர்த்தியிருந்தேன். என் வீட்டுக்குள் ஒரு சொட்டும் வரவில்லை. எதிர்வீட்டில் முழங்காலளவு நீர். அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றிக்கொண்டிருந்த அந்த வீட்டம்மாள் சொன்னார்: "உங்க வாசல் மேடாயிருச்சுல்ல தம்பி, தண்ணி வேற எங்க போகும்?" அதில் கோபம் சிறிதும் இல்லை. அதனாலேயே என்னால் பதில் கூற முடியவில்லை.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற்புராணத்தில் வைகை பெருகுகிறது. உடைந்த கரையைப் பாண்டியன் அளந்து, வீட்டுக்கு ஒரு பங்கு என விடுகிறான். ஆளில்லாத வந்திக்காக இறைவன் பிட்டுக் கூலிக்கு மண் சுமக்கிறான். ஆவணிதோறும் திருவிழாவாக நாம் கொண்டாடுவது அந்த அற்புதத்தைத்தான். எனக்கு இப்போது அற்புதத்தைவிட அந்த அளவுகோல் பெரிதாகத் தெரிகிறது. பிட்டு விற்கும் கிழவிக்கும் கரையில் ஒரு பங்கு இருந்தது. பட்டாவும் வரிரசீதும் வைத்திருக்கும் எனக்கு அப்படியொரு பங்கு இல்லை. இருந்த கால்வாயையும் தூர்த்த பிறகே எனக்கு மனை கிடைத்திருக்கிறது.

வேலை செய்யாத கூலியாளின் முதுகில் பாண்டியன் அடித்த பிரம்படி எல்லார் முதுகிலும் விழுந்தது என்கிறது கதை. இருபதாண்டுகளாக அதனைப் பக்தியின் நயமாகவே வகுப்பில் சொல்லிவந்தேன். இவ்வாண்டு அந்தப் பகுதி வந்தபோது, சற்று நிறுத்தி, என் வீட்டுக் கிழக்கெல்லையைப் பற்றியும் மாணவர்களிடம் சொன்னேன்.