பலகையும் பல கைகளும்

கொல்லிமலையின் செம்மேட்டில் நாங்கள் தங்கியிருந்த விடுதிக் கூடத்தில் இருட்டிய பிறகுதான் வேலை சூடுபிடித்தது. வனத்துறை அனுமதிக் கடிதத்தோடு பகலெல்லாம் அரியூர்ச் சோலையின் ஓரத்தில் திரிந்த தாவரவியல் மாணவர்கள், பைகளில் வாடத் தொடங்கியிருந்த செடிகளைத் தரையில் பரப்பினார்கள். பழைய செய்தித்தாள் மடிப்புக்குள் ஒரு செடி, அதன் மேல் மையொற்றுத்தாள், அதன் மேல் அட்டை, மறுபடியும் செய்தித்தாள் என்று அடுக்கு உயர்ந்தது. மேலும் கீழும் மரச்சட்டம் வைத்து, ஒரு மாணவர் முழங்காலால் அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் பெல்ட்டை இறுக்கினார்.

உலர்தாவரம் செய்வதைப் படிப்பு என்கிறோம். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் அது கைத்தொழில். ஒரு இலையாவது அடிப்புறம் தெரியும்படி திருப்பி வைக்க வேண்டும். நரம்பையும் மயிரையும் பார்க்காமல் இனம் சொல்ல முடியாது. உதிர்ந்த பூவையும் விதையையும் சிறிய காகித உறையில் போட்டு அதே மடிப்பில் வைக்க வேண்டும். பூவின் நிறம் காய்ந்தால் போய்விடும் என்பதால் அதைச் செடி நின்ற இடத்திலேயே குறிப்பேட்டில் பென்சிலால் எழுதிவிட வேண்டும். பேனா மை மழையில் கரைந்துவிடும். ஆயிரம் மீட்டருக்கு மேல் இருக்கும் கொல்லிமலையில் பனிமூட்டம் இறங்கினால் காகிதமே ஈரம் குடிக்கிறது. தாள் மாற்ற ஒரு நாள் சோம்பினாலும் பூஞ்சணம் பிடித்துவிடும்.

மாணவர்களை அதிகம் திணறடித்தது முடவாட்டுக்கால். அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம் போனவர்கள் அந்தச் சூப்பைக் குடித்திருப்பார்கள். மூட்டுவலிக்கு நல்லது என்று சொல்லி விற்கிறார்கள். கிழங்கு என்று சொல்லப்பட்டாலும் அது ஒரு பெரணியின் தண்டு. பாறையிலும் மரத்திலும் ஒட்டிப் படரும். உடம்பெல்லாம் பழுப்பு நிறச் செதில் மயிர். இரண்டு வகை இலைகள் இதற்கு உண்டு. அடியில் பழுப்பாகக் காய்ந்து கூடுபோல் நின்று சருகையும் ஈரத்தையும் பிடித்துவைப்பவை ஒரு வகை; மேலே பச்சையாக நீண்டு, அடிப்புறத்தில் வித்துப் புள்ளிகளைத் தாங்குபவை இன்னொரு வகை. மாதிரியில் இரண்டும் இருந்தாக வேண்டும். தண்டை அப்படியே அழுத்தினால் சட்டம் சாய்ந்துவிடும் என்பதால், நீளவாக்கில் சீவி ஒரு பாதியை மட்டும் வைத்தார்கள்.

அந்தத் தண்டை எங்கே வெட்டுவது என்று சொன்னவர், எங்களோடு வந்த, கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடிப் பெரியவர். மாணவி ஒருத்தி வேரோடு பெயர்க்கக் கையை நீட்டியதும் தடுத்தார்.

“நுனிய விட்டுருங்க கண்ணு, அது ஓடிக்கும். முழுசா புடுங்கிட்டா அடுத்த வருசம் வந்து எதப் பாப்பீங்க?”

“சரிங்க தாத்தா” என்று அவள் கத்தியை உள்ளே நகர்த்தினாள். வளரும் மொட்டு நுனியில் இருக்கிறது என்று அவள் வகுப்பில் படித்திருக்கிறாள். அதைக் கையில் பழகியது அன்றைக்குத்தான்.

இந்த மலைகளின் செடிகளைக் கல்லூரி வளாகத்துக்குக் கொண்டுபோய் உலகறியச் செய்த முன்னோடி ஒருவர் உண்டு. திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967-இல் ராபினாட் உலர்தாவரகத்தை நிறுவிய அருட்தந்தை கே. எம். மேத்யூ. கேம்பிளும் ஃபிஷரும் எழுதிய சென்னை மாகாணத் தாவர நூல் 1915 முதல் 1936 வரை வெளிவந்து, பிறகு பல பத்தாண்டுகள் அதுவே கதி என்றிருந்தது. மேத்யூவின் குழு கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன், சேர்வராயன் என்று ஏறி இறங்கிச் செடிகளைச் சேகரித்தது. 1981-இல் தொடங்கித் தமிழ்நாட்டுக் கர்நாட்டிக் பகுதியின் தாவர நூல் தொகுதி தொகுதியாக வந்தது. கோட்டோவியங்களுக்கே தனித் தொகுதி. 2004-இல் அவர் காலமானார். தாவரவியலாளர்கள் இன்றும் ஒரு மாதிரியைச் சுட்டும்போது எழுதும் ‘ஆர்.எச்.டி.’ என்ற மூன்றெழுத்து அந்த உலர்தாவரகத்தின் குறியீடு.

மலையிலிருந்து இறங்கிய கட்டுகள் எங்கே போகின்றன என்று பார்க்க, அந்த மாணவர்களின் கல்லூரிக்கும் போனேன். இரும்பு அலமாரிகள் வரிசையாக நிற்கும் அறை. பாச்சை உருண்டை நெடி. மேசையருகே உட்கார்ந்திருந்த பெண் ஊழியரை எல்லோரும் அக்கா என்றே அழைக்கிறார்கள். 42-க்கு 28 சென்டிமீட்டர் தடித்த தாளில் செடியைக் கிடத்தி, பசை தொட்டு, தடிமனான இடத்தில் ஊசி நூலால் தையல் போடுகிறார். தையல் இறுகினால் காய்ந்த காம்பு ஒடியும். தளர்ந்தால் செடி தாளில் ஆடி இலை உதிரும். வலது கீழ்மூலையைத் தொடவே மாட்டார். அது விவரச்சீட்டுக்கான இடம். பூச்சிக்குப் பயந்து ஒரு காலத்தில் பாதரச நஞ்சில் முக்கினார்கள். பல இடங்களில் இப்போது உறைபெட்டியில் வைத்தே பூச்சியைக் கொல்கிறார்கள்.

கல்லூரி வளாக அருங்காட்சியகத்தில் கண்காட்சி நடக்கும் நாளன்று இந்த மாதிரிகளுக்குப் பக்கத்தில் யார் நின்று விளக்குவது என்று கேட்டேன். பேராசிரியர்களும் முதுகலை மாணவர்களும் என்றார்கள். அக்கா சிரித்தார். “நான் பேசுனா யாரு சார் கேப்பாங்க?”

நான் கேட்டேன். ஒரு தாளைத் தூக்கிப் பிடித்து, எந்த மாணவர் அவசரத்தில் அழுத்தியது, எது ஈரத்தோடு வந்தது, எதில் பூ இல்லாததால் பயனில்லை என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். வரலாறு படிக்கும் மாணவர் ஒருவரும் வாயிற்காவலரும் கூடவே நின்று கேட்டார்கள். இலத்தீன் பெயர் எதுவும் சொல்லாமலே, ஓர் ஆய்வு எப்படி நடக்கிறது, எங்கே கெடுகிறது என்பது அவர்களுக்கு விளங்கிவிட்டது.

வளாக அருங்காட்சியகம் என்றால் ஆய்வின் முடிவைக் கண்ணாடிக்குள் வைப்பது என்று நினைக்கிறோம். முடிவு நூலில் இருக்கிறது. அருங்காட்சியகத்தால் மட்டுமே காட்ட முடிவது, அந்த முடிவுக்குப் பின்னால் இருக்கும் வேலையை. அதைச் செய்தவர்களையே விளக்கவிட்டால், வேறு துறைக்காரர்களும் அலுவலகத்தாரும் தயங்காமல் உள்ளே வருவார்கள். காட்டில் வழிகாட்டியவரின் பெயரும், அவர் இசைந்தால், விவரச்சீட்டில் ஏற வேண்டும். சேகரித்தவர் பெயர் இருக்கும் சீட்டில் அதற்கும் இடம் இருக்கும்.

ஒரே செடியில் இரண்டு மூன்று மாதிரிகள் எடுத்து வேறு உலர்தாவரகங்களுக்கு அனுப்புவது பழைய வழக்கம்தான். அதில் ஒன்றைச் செம்மேட்டுப் பள்ளி ஒன்றுக்கு அனுப்பலாமே என்று அந்தக் கல்லூரியின் தாவரவியல் துறையில் சொல்லிவிட்டு வந்தேன். மலைப்பிள்ளைகளுக்கு அந்தச் செடியைத் தெரியும். அதைப் பாதுகாக்கும் தொழிலும் தெரிந்துவிட்டால், அடுத்த குழுவில் அவர்கள் வழிகாட்டியாக மட்டும் வரமாட்டார்கள்.