கதவோரத்து எண்

போன வாரம் ராஜபாளையத்திலிருந்து அத்தை மகன் அனுப்பிய குரல்செய்தி: "ஏ மாப்ள, அறுபதாயிரம் டாலர் குடுத்து வண்டி சொல்லப் போறியாம்ல. நம்ம குட்டியானை தூக்குற லோடைக்கூட அது தூக்காதாமே. பின்ன எதுக்குய்யா அது?" குடும்பக் குழுவில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவன் சொன்ன கணக்கு சரி.

குட்டியானை என்று நாம் சொல்லும் டாடா ஏஸ் 2005இல் சந்தைக்கு வந்தபோது அது ஏற்றலாம் என்று சொல்லப்பட்ட பாரம் முக்கால் டன். டென்வரில் நான் முதலில் பார்த்த பிக்கப் தோல் இருக்கையும் கண்ணாடிக் கூரையும் தானாக இறங்கும் படிக்கட்டும் கொண்டது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் நிலையில் ஒரு சின்ன ஸ்டிக்கர். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து 635 கிலோவைத் தாண்டக் கூடாது என்று அதில் அச்சிட்டிருந்தது. அதே வண்டிக்கான விளம்பரமோ ஐந்து டன்னை இழுக்கும் என்கிறது. இழுப்பது வேறு, தாங்குவது வேறு, நிறுத்துவது வேறு. என் மச்சான் கேட்டது தாங்குவதைப் பற்றி. விற்பனையாளர் வாய் ஓயாமல் பேசியது இழுப்பதைப் பற்றி. நிறுத்துவதைப் பற்றி இருவருமே பேசவில்லை.

நாங்கள் வாங்க நினைக்கும் டிரெய்லர் வீடு நால்வர் படுக்க, சமைக்க, குளிக்க இடம் உள்ளது. தண்ணீரும் சாமானும் நிரப்பினால் அதன் உச்ச எடை 3,175 கிலோ. அதில் எட்டில் ஒரு பங்குக்கு மேல், ஏறத்தாழ 408 கிலோ, வண்டியின் கொக்கியில் உட்காரும். மாட்டு வண்டிக்காரர்கள் முன்பாரம் என்பார்களே, அதுதான். அது குறைந்தால் டிரெய்லர் பின்னால் வாலாட்டத் தொடங்கி வண்டியையே சாலையிலிருந்து பிடுங்கிப் போட்டுவிடும். கூடினால் வண்டியின் பின்பக்கம் அமுங்கி, முன் சக்கரங்கள் தரையை விட்டுத் தளர்ந்து, ஸ்டியரிங் கைக்கு வெறுமையாகிவிடும். அதனால்தான் முன்பாரத்தில் ஒரு பகுதியை முன் அச்சுக்கே திருப்பித் தள்ளும் வில் கம்பிகள் கொண்ட கொக்கி வேண்டும். அதன் எடை 41 கிலோ. நாங்கள் நாலு பேரும் கைச்சாமானும் 272 கிலோ. கூட்டினால் 721. ஸ்டிக்கர் அனுமதிப்பது 635. ஐந்து டன் இழுக்கும் என்று சொல்லப்படும் வண்டி, மூன்று டன் டிரெய்லரைக் குடும்பத்தோடு இழுக்கும்போதே தன் எல்லையைத் தாண்டிவிடுகிறது. கண்ணாடிக் கூரை, மின்படிக்கட்டு, பெரிய சக்கரம் என்று ஒவ்வொரு சொகுசும் அந்த எண்ணிலிருந்து ஒரு துண்டைத் தின்றிருந்தது. அதே வண்டியைச் சொகுசு குறைவாகக் கேட்டால் எண் 800க்கு மேல் ஏறுகிறது.

இழுவை எண்ணுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஒரு காலத்தில் அமெரிக்கக் கம்பெனிகள் அவரவர் வாய்க்கு வந்ததை விளம்பரத்தில் போட்டன. பிறகு பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ., ஜே2807 என்று ஒரு பொதுச் சோதனை முறையை வகுத்தது. அரிசோனாவில் டேவிஸ் அணை அருகே புல்ஹெட் சிட்டியிலிருந்து மேலேறும் 68ஆம் எண் மாநிலச் சாலையில், சுமார் 18 கிலோமீட்டர் ஏற்றத்தை, 38 டிகிரி வெயிலில், ஏசியை முழு வேகத்தில் ஓடவிட்டு, மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் கீழே இறங்காமல் ஏறிக் காட்ட வேண்டும். முதலில் பணிந்தது ஜப்பானியக் கம்பெனி: 2011 மாடல் டொயோட்டா டன்ட்ரா. டெட்ராய்ட்டின் மூன்று பெரிய கம்பெனிகளும் தங்கள் 'அரை டன்' ரக வண்டிகளை அந்த முறைக்குக் கொண்டுவந்தது 2015 மாடல்களில். ஆனாலும் அந்தச் சோதனைக் கணக்கில் வண்டிக்குள் இருப்பது தலைக்கு 68 கிலோ எடையுள்ள இருவர் மட்டுமே. பிள்ளைகள் இல்லை, அரிசி மூட்டை இல்லை, குக்கர் இல்லை.

எனவே நான் மதிப்பது விளம்பரத்து எண்ணை அல்ல, கதவோரத்து எண்ணை. அதுவும் கேட்டதும் கிடைத்ததில்லை. ஃபயர்ஸ்டோன் டயர்கள் பிய்ந்து ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர்கள் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, 2000இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றியது. அதன் தொடர்ச்சியாக வந்த விதிதான் டயர் காற்றையும் மொத்தப் பாரத்தையும் ஓட்டுநர் கண்ணில் படும்படி ஒட்டச் சொன்னது. மாடலுக்கு ஓர் எண் என்று பொதுவாகப் போட்டுவிடுவதில்லை. அந்தந்த வண்டியில் பூட்டப்பட்டதைக் கணக்கிட்டு, அந்தந்த வண்டிக்கென்று அச்சிடுகிறார்கள். இந்தச் சின்னத் தாளைப் போல இந்நாட்டில் என்னை வணங்க வைத்தது வேறு எதுவும் இல்லை. அதன் பின்னால் போலீஸ்காரர் யாரும் நிற்பதில்லை. என் குடும்பம் ஏறிய பிக்கப்பை நிறுத்தி எடைபோட எந்தச் சோதனைச் சாவடியும் இல்லை. அந்த எண் என்னிடம் மட்டும் பேசுகிறது. சரிபார்க்க வேண்டுமானால், 1977 முதல் லாரி நிறுத்தங்களில் இருக்கும் 'கேட்' (CAT) எடை மேடையில் வண்டியை ஏற்றினால் போதும். முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சு என்று தனித்தனியாக எழுதிக் கையில் சீட்டுத் தருகிறார்கள்.

நம்மிடம் எண் இல்லையா? இருக்கிறது. லாரியின் பக்கவாட்டில் யு.எல்.டபிள்யூ. (வெற்று எடை), ஆர்.எல்.டபிள்யூ. (பாரத்தோடு எடை) என்று பெயிண்டில் எழுதியிருப்பதைச் சிறுவயதில் எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறோம். அது வெளியே நிற்கும் ஆர்.டி.ஓ.வுக்காக எழுதியது. ஓட்டுபவர் உள்ளே அமர்ந்தபின் அவர் கண்ணுக்கு அது தெரியாது. ராஜபாளையத்தில் மில் பக்கமும் எடை மேடைகள் உண்டு. ஆனால் அந்தச் சீட்டு வியாபாரியின் கணக்குக்கு. எத்தனை டன் பஞ்சு வந்தது, எவ்வளவு பணம் என்பதற்கு. பின் அச்சு எவ்வளவு தாங்குகிறது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. சட்டமும் இருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவு, அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்கிறது. அப்படியும் எங்கள் ஊரைத் தாண்டித் தென்காசி, செங்கோட்டை வழியாகப் புளியரைக்குப் போகும் கனிம லாரிகளின் பாரத்தை எதிர்த்துத் தென்காசிப் பக்கத்தில் போராட்டங்கள் நடந்தபடி இருக்கின்றன. புளியரை எஸ் வளைவில் அப்படியொரு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஊர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் இதைச் சொல்லிவிட்டு, இங்கே வந்த நம்மவர்கள் பலர் செய்வதுபோல 'நம்ம ஊர்க்காரனுக்கு அறிவில்லை' என்று முடிப்பவர்களோடு எனக்கு ஒட்டாது. அது பொய். வாடகை டன்னுக்கு இவ்வளவு என்று பேசப்படுகிறது. தவணை மாதம் பிறந்தால் வந்து நிற்கிறது. குவாரியில் ஏற்றச் சொன்னவர் வளைவில் ஸ்டியரிங் பிடிப்பதில்லை. எங்கள் தெருவில் லாரி ஓட்டியவர்கள் கமான் பட்டையின் வளைவைப் பார்த்தே எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். மலையேற்றத்தில் வண்டி திணறும் நொடியில் கட்டையோடு குதித்துச் சக்கரத்துக்குப் பின்னால் செருகும் கிளீனர் பையனுக்கு, இங்கே விற்பனையகத்தில் டை கட்டியவருக்குத் தெரியாத இயற்பியல் தெரியும்.

நிறுத்துவதைப் பற்றி உலகத்துக்குச் சொல்ல ஸ்ரீவில்லிபுத்தூருக்கு உரிமை உண்டு. ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேரை ஆயிரக்கணக்கானோர் வடம் பிடித்து இழுக்கிறார்கள். படம் எடுப்பவர்கள் எல்லாரும் வடத்தைத்தான் எடுக்கிறார்கள். சக்கரத்தின் ஓரத்திலேயே கட்டையும் கையுமாக நடக்கிறார்களே, அவர்கள் இல்லாவிட்டால் அந்தத் தேர் ரத வீதியின் முதல் திருப்பத்தில் வீடுகளுக்குள் போய்விடும். எந்தச் சக்கரத்துக்கு எந்த நொடியில் எந்தச் சாய்வில் முட்டுக்கட்டை செருகினால் தேர் திரும்பும், எப்போது நிற்கும் என்பது அவர்கள் கையில் இருக்கிறது. சறுக்கினால் போவது அவர்கள் கால். சுமார் 300 டன் எடையுள்ள திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்த பின்னும் கட்டை போடுபவர்களின் தேவை தீர்ந்துவிடவில்லை. இழுப்பவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம், தேரின் பொறுப்பு கட்டை வைத்திருப்பவரிடம்.

அதனால் டாஷ்போர்டில் டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலர் என்ற சின்னப் பெட்டியைப் பார்த்ததும் எனக்கு அதன் வேலை உடனே புரிந்தது. வண்டியின் பிரேக்கை மிதிக்கும்போது டிரெய்லர் சக்கரங்களின் மின்பிரேக்கும் கூடவே பிடிக்கும். எவ்வளவு பலமாகப் பிடிக்க வேண்டும் என்பதை எடைக்கேற்ப நாமே வைக்கலாம். டிரெய்லர் வாலாட்டினால், அதன் பிரேக்கை மட்டும் விரலால் அழுத்தி நேராக்கலாம். நம் பக்கத்து டிராக்டர் டிரெய்லர்கள் பலவற்றுக்குப் பிரேக்கே கிடையாது என்பதை நினைத்தால் வயிறு கலங்குகிறது. அவற்றில் கல்யாணத்துக்கு ஆட்களை ஏற்றிப்போகிறோம்.

இந்த நாட்டையும் முழுசாகப் புகழ என்னால் முடியாது. மொத்த எடை 26,000 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட பன்னிரண்டு டன்னைத் தாண்டாதவரை பொதுவாகத் தனி உரிமம் தேவையில்லை. நேற்றுவரை சின்னக் கார் ஓட்டியவர் இன்று மூன்று டன் வீட்டைக் கட்டிக்கொண்டு 11,158 அடி உயரத்து ஐசனோவர் சுரங்கச்சாலைக்கு ஏறலாம். இறங்கும் பக்கம் நூற்றுக்கு ஏழு என்ற சரிவு. பிரேக் போன லாரிகள் ஓடி நிற்க மலையோரம் சரளைத் தளம் போட்டு வைத்திருக்கிறார்கள். கோடையில் அந்தச் சாலையில் பின்பக்கம் அமுங்கி, முன்விளக்கு வானத்தைப் பார்க்கும் பிக்கப்புகளைத் தாராளமாகக் காணலாம். அவர்கள் கதவிலும் அந்த ஸ்டிக்கர் இருக்கிறது.

இன்று வண்டியைச் சொல்லிவிட்டேன். உயரத்தில் மூச்சுத் திணறாத டர்போ எஞ்சின், 3.73 அச்சு விகிதம், டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலர், நீட்டக்கூடிய பக்கக் கண்ணாடிகள், பெரிய டேங்க். மகள் ஆசைப்பட்ட கண்ணாடிக் கூரை வேண்டாம் என்றேன். மின்படிக்கட்டும் வேண்டாம். விற்பனையாளர், "இது எதையும் இழுக்கும், சார்" என்று மறுபடி தொடங்கினார். ஸ்டிக்கர் எண்ணை இப்போதே சொல்ல முடியுமா என்று கேட்டேன். வண்டி கட்டி முடித்த பிறகுதான் அச்சாகும் என்றார். அப்படியானால் எழுதுங்கள் என்றேன்: கதவோரத்தில் 760 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் நான் எடுக்க மாட்டேன், முன்பணம் திரும்ப வர வேண்டும். இப்படி யாரும் கேட்டதில்லை என்று மேலாளரை அழைத்து வந்தார். அவர் இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளைப் படம் பிடித்து மச்சானுக்கு அனுப்பினேன். அவன் கேட்ட அடுத்த கேள்வி, அந்த பிரேக் பெட்டியை நம் டிராக்டர் டிரெய்லருக்குப் பூட்ட முடியுமா என்பது. அச்சில் மின்பிரேக் வேண்டும், ராஜபாளையத்துப் பட்டறையில் முதலில் அதை விசாரி என்று எழுதியிருக்கிறேன்.