எங்கள் தெருவின் பிடியரிசி

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் தறிச் சத்தம் குறையத் தொடங்கும். எண்பதுகளின் தொடக்கத்தில் குறிஞ்சிப்பாடி நெசவாளர் தெருக்களில் வீட்டுக்கு வீடு குழித்தறி இருந்தது. தரையில் தோண்டிய குழிக்குள் காலை இறக்கி உட்கார்ந்துதான் மிதிபலகையை மிதிக்க வேண்டும். அடைமழை பிடித்தால் அந்தக் குழியில் அடியிலிருந்து ஈரம் ஊறும். இரண்டு நாள் விடாமல் பெய்தால் தண்ணீரே நிற்கும். பாவுக்குக் கஞ்சி தோய்த்துத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் காயவைக்க வெயில் வேண்டும். வெயில் இல்லையென்றால் பாவு இல்லை, பாவு இல்லையென்றால் நெசவு இல்லை. நெய்த கைலியைக் கொண்டுபோய் முதலாளியிடம் கொடுத்தால்தான் கூலி. கூலி வந்தால்தான் அரிசி.

மழைக்காலத்தில் பாதித் தெரு அரை வயிற்றோடுதான் படுக்கும். யாரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. எந்த வீட்டில் உலை வைக்கவில்லை என்பதை ஆயா சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள். "கோடி வீட்ல மூணு நாளா நாடா ஓடுற சத்தமே கேக்கல பாரு" என்பாள் அம்மாவிடம். அதற்குமேல் பேச்சு இருக்காது. அம்மா எழுந்து தூக்குவாளியைத் தேட ஆரம்பிப்பாள்.

ஆயா சன்மார்க்க சங்கத்துக்காரி. எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் சற்று நேரத்தில் வடலூர் வந்துவிடும். அங்கே வள்ளலார் ஏற்றிவைத்த அடுப்பின் பேச்சைக் கேட்டே சுற்றுப்பட்டு ஊர்களில் எத்தனையோ சின்னச் சின்னச் சங்கங்கள் முளைத்தன. எங்கள் ஊர்ச் சங்கமும் அப்படி ஒன்று. ஓடு வேய்ந்த ஒரு கூடம், அதில் கண்ணாடிக் கூண்டுக்குள் எரியும் ஒரு விளக்கு, பின்கட்டில் இரண்டு கோட்டை அடுப்பு. சங்கத்தின் சொத்து அவ்வளவுதான். சம்பளத்துக்கு ஆள் கிடையாது. தறிக்காரர்கள், பெட்டிக்கடை மாமா, ரைஸ்மில்லில் வேலை பார்த்த ஓர் அண்ணன், எங்கள் ஆயா மாதிரி நாலைந்து பெண்கள், இவர்கள்தான் சங்கம். பொறுப்பாக இருந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஊரே அவரை 'ஐயா' என்றுதான் கூப்பிடும்.

சங்கத்துக்கு அரிசி வந்த வழி எளிமையானது. வீட்டுக்கு வீடு அடுப்படியில் ஒரு மண்கலயம் இருக்கும். உலையில் அரிசி போடுவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போட வேண்டும். ஒரு பிடியை எடுத்தால் வீட்டில் யாருக்கும் சோறு குறையாது, அன்றாடம் போட்டால் கலயம் நிறையும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகள் நாங்கள் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவோம். விலைபோகாத கைலித் துண்டில் அம்மா தைத்துக் கொடுத்த பை அது. வாசலில் நின்று "அத்தே, பிடியரிசி!" என்று குரல் கொடுத்தால் கலயம் வெளியே வரும். பாய் வீட்டம்மா கலயத்தைக் கவிழ்த்த பிறகு உள்ளே போய் இன்னும் ஒரு கை அள்ளிவந்து போடுவார். "இது எம்பேரப் பிள்ளைக்காகம்மா" என்பார்.

அந்த அரிசியைச் சங்கக் கூடத்தில் பாயில் கொட்டிப் பரப்பும்போது பார்க்க வேண்டும். வெள்ளைப் பச்சரிசி, மஞ்சள் பூத்த புழுங்கல், சிவப்பு வரி ஓடிய கார் அரிசி, ரேஷன் கடையின் தடித்த அரிசி எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். ஆயாவும் மற்றப் பெண்களும் சுற்றி உட்கார்ந்து கல்லும் நெல்லும் பொறுக்குவார்கள். ஒரு ரகம் சீக்கிரம் வேகும், இன்னொன்று நேரமாகும். அதனால் அந்த அரிசியைச் சோறாக வடித்தால் பாதி குழையும், பாதி விறைக்கும். திருகையில் இரண்டு சுற்று விட்டு நொய்யாக்கி, பாசிப்பருப்பும் சீரகமும் பூண்டும் சேர்த்துக் கஞ்சியாகக் காய்ச்சினால்தான் ஒரு பக்குவத்துக்கு வரும். ரைஸ்மில் அண்ணன் ஆளுயரத் துடுப்பை இரண்டு கையாலும் பிடித்து அடிபிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருப்பார். விறகு ஈரமாக இருந்தால் பின்கட்டு முழுக்கப் புகை. கண்ணைக் கசக்கிக்கொண்டு நாங்கள் அங்கேயே நிற்போம், முதல் கரண்டிக் கஞ்சி உப்புப் பார்க்க எங்கள் கையில்தான் விழும் என்பதால்.

ஐயா ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். இன்ன தேதியில் இவ்வளவு படி அரிசி வந்தது, இவ்வளவு செலவானது, பருப்பு யார் உபயம், விறகு என்ன விலை என்று எல்லாம் அதில் இருக்கும். வாங்கியவர் பெயர் மட்டும் ஒரு பக்கத்திலும் இருக்காது. "கொடுத்த கணக்க ஊரு கேக்கும், சொல்லணும். வாங்குன கணக்கு எதுக்கு? பசி என்னா கடனா?" என்று ஒருமுறை அவர் அப்பாவிடம் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

கஞ்சியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பிள்ளைகள் வேலை. அதற்கும் சட்டம் உண்டு. ஆயா வாசல்படியிலேயே நிறுத்திச் சொல்லி அனுப்புவாள். "போயி வாசல்ல நிக்காத. உள்ள எட்டிப் பாக்காத. 'ஆயா குடுத்துச்சி, பாத்திரத்த காலையில வந்து எடுத்துக்கிறேன்'னு சொல்லிட்டு வந்துடு. அவங்க சாப்புடறத பாத்துகினு நிக்கக் கூடாது, புரியுதா பாப்பா?" பெரியவர்கள் தூக்குவாளியோடு போனால் தெரு பார்க்கும். குழந்தை போனால் ஏதோ பலகாரம் கொண்டுபோகிறது என்றுதான் தோன்றும். அதனால்தான் எங்களை அனுப்பினார்கள் என்பது வளர்ந்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

மறுநாள் காலையில் தூக்குவாளியை எடுக்கப் போனால் அது ஒருபோதும் வெறுமையாகத் திரும்பியதில்லை. கழுவிக் கவிழ்த்துத் துடைத்து, அதற்குள் ஒரு கட்டு முருங்கைக் கீரை இருக்கும், அல்லது கொல்லையில் பறித்த நாலு பச்சை மிளகாய். ஒரு வீட்டில் ஒன்றுமே இல்லாதபோது அந்த அக்கா தார் சுற்றி மிஞ்சிய கலர் நூலைப் பின்னி எனக்கு ரிப்பன் போலக் கட்டி அனுப்பினார். ஆயா அந்தக் கீரையை வாங்கி ஆய்ந்து அன்றைக்கே சமைத்துவிடுவாள். வேண்டாம் என்று திருப்பியதே இல்லை. கொடுக்கிறவர் வாங்கிக்கொள்ளவும் தெரிந்தவராக இருந்தால்தான் வாங்குகிறவருக்கு மனம் கூசாது என்பதை அவள் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது பிள்ளைகளின் மதியப் பசிக்கு ஒரு வழி பிறந்தது. ஆனால் மழைக்கு விடுமுறை விட்டால் பள்ளிக்கூடத்து அடுப்பும் எரியாது. வீட்டில் தறியும் ஓடாது, பள்ளியில் சோறும் இருக்காது. அந்த நாட்களில் சங்கத்தில் உலை பெரிதாகும். பள்ளிக்கூடம் இல்லாத நாள் என்று தெரிந்தால் ஐயா விடியற்காலையிலேயே குடையோடு வந்து கூடத்தைத் திறந்துவிடுவார்.

தை மாதம் வந்தால் எங்கள் சங்கமே வடலூருக்குக் கிளம்பும். தைப்பூசத்துக்கு ஞானசபையில் ஏழு திரைகளையும் விலக்கி ஜோதி தரிசனம் காட்டுவார்கள். ஊர் உலகமெல்லாம் அதற்காக வரும். எங்களுக்கு அதைவிடப் பெரிய வேலை வந்தவர்களுக்குச் சோறு போடுவது. வழியெங்கும் பந்தல்கள். ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் ஓர் அடுப்பு மூட்டியிருக்கும். முதல் நாள் இரவே பெண்கள் அரிவாள்மணையோடு வட்டமாக உட்கார்ந்து பூசணியும் கத்தரிக்காயும் அரிவார்கள். பிள்ளைகளுக்கு இலை துடைக்கும் வேலை, தண்ணீர் ஊற்றும் வேலை. தூக்கம் கண்ணைச் சுழற்றும். பூசணிக்காய்க் குவியலுக்குப் பக்கத்திலேயே சாக்கை விரித்துத் தூங்கிவிடுவோம்.

அப்படிப் போன ஒரு வருடம் ஐயா எங்களைத் தருமசாலைக்குள் அழைத்துக்கொண்டுபோய் அணையா அடுப்பைக் காட்டினார். நீளமான அடுப்பு, அதன்மேல் வரிசையாகப் பெரிய பாத்திரங்கள். உள்ளே தீ செக்கச் செவேலென்று கிடந்தது. அனல் முகத்தில் அடித்தது. 1867 மே 23ஆம் தேதி வள்ளலார் தொடங்கிய சாலை இது என்றார் ஐயா. பார்வதிபுரத்து மக்கள் சேர்ந்து 80 காணி நிலத்தை எழுதிக்கொடுத்தார்கள், கேட்டதும் கொடுத்தார்கள் என்றார். அன்று மூட்டிய தீ இன்றுவரை அணைந்ததில்லை. தமிழ்நாட்டையே சூறையாடிய 1876ஆம் ஆண்டுப் பஞ்சம் வந்தபோது இந்த அடுப்புக்கு வயது ஒன்பதுதான். "யாரு, எந்த ஊரு, என்னா சாதி, நல்லவனா கெட்டவனான்னு ஒண்ணும் கேக்கக் கூடாதுன்னு வள்ளலார் எழுதி வச்சிட்டுப் போனாரு. பசின்னு வந்தா இலை போடு, அவ்ளோதான்" என்றார்.

அன்று பந்தியில் நான் தண்ணீர் ஊற்றினேன். பட்டு வேட்டி கட்டியவருக்குப் பக்கத்தில் அழுக்குப் பிடித்த போர்வையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். இருவருக்கும் ஒரே கரண்டி சோறு, ஒரே சாம்பார். பரிமாறிக்கொண்டிருந்தவர் யார் என்று நிமிர்ந்து பார்த்தேன். மழைக்காலத்தில் நான் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்த கோடி வீட்டுப் பெரியப்பா! இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "போதும்னு சொல்லாதீங்க, இன்னொரு கை வைக்கிறேன்" என்று ஒவ்வொரு இலையாகக் குனிந்து கேட்டுக்கொண்டு போனார். அந்த முகத்தில் இருந்த பெருமிதத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. பங்குனி வெயிலில் அவர் வீட்டுத் தறி நன்றாக ஓடும்போது அவர் வீட்டுக் கலயத்திலிருந்தும் நான் அரிசி வாங்கி வந்திருக்கிறேன். ஐப்பசியில் வாங்குகிறவர், பங்குனியில் போடுகிறவர். பையில் விழுந்த பிறகு எந்தப் பிடி யாருடையது என்று எவராலும் பிரித்தெடுக்க முடியாது.

ஆயா போய், ஐயாவும் போய், தெருவில் குழித்தறிகளும் குறைந்துபோன காலத்தில், 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூர்க் கரையில் ஏறியது. முந்திரிக் காடுகள் வேரோடு சாய்ந்தன. பண்ருட்டிப் பக்கம் தலைமுறை தலைமுறையாக நின்ற பலா மரங்கள் விழுந்து கிடந்தன. முந்திரிக்கன்று வைத்தால் காய்க்க வருடங்கள் ஆகும். பலாவுக்கு அதைவிடவும் காத்திருக்க வேண்டும். மழைக்காலத்துப் பசியாவது தையில் தீரும், இது அப்படித் தீருகிற பசி இல்லை. ஓடு பறந்துபோயிருந்த சங்கக் கூடத்தில் தார்ப்பாயைக் கட்டி, மின்சாரம் இல்லாத இருட்டில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், எங்கள் தெருப் பிள்ளைகள் கோட்டை அடுப்பை மூட்டினார்கள். நானும் ஊருக்குப் போயிருந்தேன். முந்திரிக் காட்டுக் கிராமங்களுக்கு வேனில் சாப்பாடு போயிற்று. துடுப்பைப் பிடித்துக் கிண்டிக்கொண்டிருந்தவர்களில் அந்தக் கோடி வீட்டுப் பெரியப்பாவின் பேரனும் ஒருவன். யாரும் அவனைக் கூப்பிடவில்லை, அவனாகவே வந்தான். பொட்டலத்தை எப்படிக் கொடுக்க வேண்டும் என்று சின்னப் பையன்களுக்கு அவன் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான்: "குடுத்துட்டு உடனே வந்துடணும்டா. போட்டோ எடுக்கக் கூடாது."

ஒரு சின்னச் சங்கம் தன் ஊருக்குச் செய்யக்கூடிய பெரிய காரியம் இதுதான் என்று நான் நம்புகிறேன். கஞ்சி ஒரு வேளைப் பசியைத்தான் ஆற்றும். கஞ்சி வந்த விதமோ மூன்று தலைமுறைக்கு நின்றது. பேரிடர் வந்த பிறகு ஓடிவருகிறவர்களுக்கு நான் நன்றி சொல்வேன். ஆனாலும் எந்த வீட்டில் சத்தம் ஓய்ந்திருக்கிறது என்பது வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குத் தெரியாது. அது பக்கத்து வீட்டுக்குத்தான் தெரியும். தெருவுக்கு ஒரு சங்கம், நல்ல காலத்திலேயே எல்லார் வீட்டிலிருந்தும் ஒரு பிடி, கஷ்ட காலத்தில் கேள்வி கேட்காமல் ஒரு தூக்கு. இதைச் செய்யப் பணக்காரர் யாரும் வேண்டியதில்லை. எங்கள் தெருவில் ஒரு பணக்காரரும் இருந்ததில்லை, பசியோடு ஒருவரைத் தனியே விட்டதாகவும் எனக்கு நினைவில்லை.