இலவச மென்பொருளுக்கு யார் பில் கட்டுவது?

அரசு இணையதளம் ஒன்றுக்கு இத்தனை கோடி செலவு என்று செய்தி வரும் நாட்களில் எனக்குக் குறைந்தது நாலு மெசேஜாவது வரும். சித்தப்பா, கல்லூரி நண்பர்கள், அபார்ட்மென்ட் குழு. கேள்வி ஒன்றுதான்: "ஏம்ப்பா, வேர்ட்பிரஸ் ஃப்ரீதானே? எங்க பக்கத்து வீட்டுப் பையன் ஒரு வாரத்துல போட்டுக் குடுப்பான். அப்புறம் எதுக்கு இவ்ளோ காசு?" மென்பொருள் வேலைக்கு வந்து பதிமூன்று வருஷம் ஆகிறது. அதில் மூன்று வருஷம் அரசுத் துறைகளுக்குத் தளம் கட்டுகிற ஒரு சின்ன நிறுவனத்தில் இருந்தேன். "அது பெரிய கதை சித்தப்பா" என்று இதுவரை நழுவிக்கொண்டிருந்தேன். அந்தப் பெரிய கதையை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

சித்தப்பாவின் கேள்வியில் பாதி சரி. வேர்ட்பிரஸ், ட்ரூப்பல், லினக்ஸ் எதற்கும் உரிமக் கட்டணம் கிடையாது. யாரும் எடுக்கலாம், திறந்து பார்க்கலாம், மாற்றலாம். தரத்திலும் குறை சொல்ல முடியாது. அமெரிக்க வெள்ளை மாளிகையின் தளமே 2009இல் ட்ரூப்பலுக்கு மாறியது, 2017இல் வேர்ட்பிரஸுக்கு. இந்திய அரசும் 2015இல் ஒரு கொள்கையை வெளியிட்டது: துறைகள் திறந்த மூல மென்பொருளுக்கே முன்னுரிமை தர வேண்டும், வேறொன்றை எடுத்தால் காரணம் சொல்ல வேண்டும். ஆக மென்பொருள் இலவசம், கொள்கையும் தயார். அப்படியும் காசு போகிறது. எங்கே?

ஆஸ்திரேலியாவில் நடந்ததைப் பாருங்கள். அந்நாட்டு வானிலை மையம் 2025 அக்டோபர் 22 அன்று புதிய தளத்தைத் திறந்தது. மழை ரேடாரின் நிறங்கள் மாறிவிட்டன, எதுவும் கண்ணில் படவில்லை என்று விவசாயிகள் கொதித்தார்கள். செலவு எவ்வளவு என்று கேட்டபோது முதலில் வந்த பதில் 41 லட்சம் டாலர். ஒரு மாதம் கழித்து வந்த முழுக் கணக்கு 9 கோடியே 65 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். இரண்டு எண்ணும் உண்மைதான். 41 லட்சம் என்பது நாம் பார்க்கும் முகத்துக்கு. பின்னால் உள்ள கட்டுமானத்துக்கு 7 கோடியே 98 லட்சம், பாதுகாப்புச் சோதனைக்கும் வெளியீட்டுக்கும் 1 கோடியே 26 லட்சம். இந்தச் செலவு நியாயமா என்பது வேறு கேள்வி. பக்கத்து வீட்டுப் பையன் ஒரு வாரத்தில் போட்டுக் கொடுப்பது அந்த முதல் எண்ணின் வேலையை மட்டும்தான் என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

நம் ஊரில் நான் பார்த்த வழி வேறு மாதிரி. ஒரு துறை டெண்டர் விடும். ஆண்டு வருமானம் இத்தனை கோடி இருக்க வேண்டும், இதற்கு முன் இத்தனை அரசு வேலை செய்திருக்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கும். எங்களைப் போன்ற பன்னிரண்டு பேர் கடைக்கு அதில் தலைகாட்டவே முடியாது. பெரிய நிறுவனம் எடுக்கும். அது இன்னொருவரிடம் கொடுக்கும். அவர் எங்களுக்குக் கொடுப்பார். மூன்றாவது கையில் இருந்த எங்களுக்கு, முதல் கையில் எவ்வளவு இருந்தது என்று கடைசிவரை தெரியாது. கையில் வரும் தேவைப் பட்டியலில் நகரும் படங்கள், ஓடும் எழுத்து, 'நீங்கள் எத்தனையாவது பார்வையாளர்' என்று காட்டும் எண், எல்லாம் இருக்கும். கட்டி முடித்த பிறகு தளத்தை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற வரி மட்டும் இருக்காது.

ஊர்க் கண்மாயை வெட்டினவர் பெயர் கல்வெட்டில் இருக்கும். வருஷா வருஷம் தூர் வாரியவர் பெயர் எங்கேயும் இருக்காது. மென்பொருளிலும் இதே கதை. 2014 அக்டோபர் 15 அன்று ட்ரூப்பல் 7இல் ஒரு பெரிய ஓட்டை அறிவிக்கப்பட்டது. அடைக்கும் கோப்பும் அன்றே இலவசமாக வந்தது. அறிவிப்பு வந்த 7 மணி நேரத்துக்குள் சரிசெய்யாத தளங்கள் உடைக்கப்பட்டுவிட்டதாகவே எடுத்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு வாரம் கழித்து ட்ரூப்பல் குழுவே சொன்னது. நம் நேரப்படி அந்த 7 மணி நேரம் என்பது இரவு ஒன்பதரையிலிருந்து விடிகாலை நாலரை வரை. ஊரே தூங்கும் நேரம். அந்த ராத்திரியில் முழித்திருக்க ஒருவருக்குச் சம்பளம் கொடுத்திருக்க வேண்டும். இலவச மென்பொருளின் உண்மையான விலை அந்தச் சம்பளம். அதே ட்ரூப்பல் 7க்கான ஆதரவு 2025 ஜனவரி 5 அன்று நிறுத்தப்பட்டது. அது வெளிவந்து பதினான்கு வருஷம் ஆகியிருந்தது. பராமரிப்பு ஒப்பந்தம் அதற்கு எத்தனையோ வருஷம் முன்பே முடிந்துபோன தளங்கள் எனக்குத் தெரிந்தே உண்டு.

இதெல்லாம் எனக்கு வெறும் கணக்காக இல்லாமல் போனது ஒரு நண்பனால். கல்லூரிக் காலத்துப் பழக்கம். அவனுக்குப் பார்வை கிடையாது. போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். ஒருநாள் போன் பண்ணினான். "டேய், நீங்கதானே இந்த மாதிரி சைட் எல்லாம் பண்றீங்க. அறிவிப்பு வந்திருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் திறந்தா 'வெற்றுப் பக்கம்'னு படிக்குது. பதினாலு பக்கமும் வெற்றுப் பக்கம்."

திறந்து பார்த்தேன். ஸ்கேன் செய்த பிடிஎஃப். கணினியில் தட்டச்சு செய்து, அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, மறுபடி ஸ்கேன் செய்து ஏற்றியிருந்தார்கள். எழுத்தாகப் பிறந்தது படமாக வந்து சேர்ந்திருந்தது. வேறொரு அலுவலகத்தில் இதைப் பற்றிக் கேட்டபோது அங்கிருந்த உதவியாளர் சொன்ன பதில் நியாயமாகத்தான் இருந்தது: "கையெழுத்தும் சீலும் தெரிஞ்சாதான் சார் ஜனங்க நம்புவாங்க." தட்டச்சு செய்த கோப்பையும் கூடவே ஏற்றலாமே என்றேன். "அப்படி ஒரு உத்தரவு வரலையே சார்."

நண்பன் பயன்படுத்துவது என்விடிஏ என்ற திரைவாசிப்பான். 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர் எழுதத் தொடங்கியது. விலை கொடுத்து வாங்க முடியாதவர்களுக்காக இலவசமாகவும் திறந்த மூலமாகவும் வைத்தார். கூடவே வரும் ஈஸ்பீக் குரல் தமிழும் வாசிக்கும். கரகரப்பான குரல்தான், ஆனால் வாசிக்கும். இப்போது யோசித்துப் பாருங்கள். இந்தப் பக்கம் அரசுத் தளம், திறந்த மூலம். அந்தப் பக்கம் நண்பனின் கணினியில் உள்ள வாசிப்பான், அதுவும் திறந்த மூலம். உலகம் முழுக்க முகம் தெரியாத ஆட்கள் எழுதிக் கொடுத்த இரண்டு கரைகளும் ஒழுங்காகத்தான் இருக்கின்றன. பாலம் உடைந்திருப்பது நடுவில், ஒரு ஸ்கேனரில்.

அந்தப் பதினாலு பக்கத்தையும் அவனுடைய அக்கா ஒரு ராத்திரி உட்கார்ந்து வாசித்துக் காட்டினார். அந்த ராத்திரி எந்தச் செலவுக் கணக்கிலும் ஏறாது. படிவம் நிரப்பித் தர பிரவுசிங் சென்டரில் கொடுக்கும் நூறு ரூபாயும் ஏறாது. வரியாக ஒருமுறை கட்டுகிறோம். தளம் சரியில்லாததால் நேரமாகவும் கைக்காசாகவும் இன்னொருமுறை கட்டுகிறோம். டிஜிட்டல் அணுகல் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. இது சலுகை கேட்கிற விஷயமே கிடையாது.

வழி இல்லாமலும் இல்லை. நம் மாவட்டத் தளங்களை வரிசையாகத் திறந்து பாருங்கள். மதுரை, தஞ்சாவூர், நீலகிரி எல்லாம் ஒரே முகமாக இருக்கும். தேசியத் தகவலியல் மையம் வேர்ட்பிரஸை அடிப்படையாக வைத்து ஒரே சட்டகம் கட்டி, அதை நாடு முழுக்கக் கொடுத்திருக்கிறது. பார்க்க அலுப்பாக இருக்கும். ஆனால் ஒரு ஓட்டையை ஒரு இடத்தில் அடைத்தால் எல்லா இடத்திலும் அடைபடும். பிரிட்டன் இன்னும் ஒரு படி மேலே போனது. குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் அனுப்ப அரசு கட்டிய நோட்டிஃபை என்ற சேவையின் மூல நிரலைப் பொதுவில் வைத்தது. கனடா அதை எடுத்து, பிரெஞ்சிலும் இயங்க வைத்து, 2019இல் தன் அரசுத் துறைகளின் பயன்பாட்டுக்கு விட்டது. பிரிட்டன் வரிப்பணத்தில் எழுதிய நிரல் கனடாவுக்கும் உழைக்கிறது. இங்கே நான் பார்த்தது, ஒரே அரசின் இரண்டு துறைகள் ஒரே புகார்ப் பெட்டியை இரண்டு முறை காசு கொடுத்து எழுத வைத்ததை.

திறந்த மூலத்தில் தளம் கட்டினால் அந்தத் தளத்தின் நிரலும் தானாகத் திறந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். திறக்காது. சொந்த சர்வரில் ஓடும் நிரலை வெளியிட வேண்டும் என்று வேர்ட்பிரஸின் உரிமம் கட்டாயப்படுத்துவதில்லை. ஒப்பந்தத்தில் எழுதினால்தான் உண்டு.

அதனால் சித்தப்பாவுக்கு ஒரு யோசனை சொல்லியிருக்கிறேன். அடுத்த முறை கோபம் வந்தால் எனக்கு மெசேஜ் போட வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் ஒரு மனு போடலாம். மொத்தச் செலவில் கட்டுவதற்கு எவ்வளவு, பராமரிப்புக்கு எவ்வளவு? மூல நிரல் இப்போது யார் கையில் இருக்கிறது? கடைசிப் பாதுகாப்புத் தணிக்கை எப்போது நடந்தது? தளத்தில் உள்ள அறிவிப்புகளில் எத்தனை, திரைவாசிப்பான் படிக்கும்படி எழுத்தாக இருக்கின்றன?

"இதெல்லாம் கேட்டா பதில் வருமாப்பா?" என்றார். முப்பது நாள் கெடு இருக்கிறது சித்தப்பா, கேட்டுப் பார்க்கலாம் என்றேன். வருகிற பதிலும் ஸ்கேன் செய்த பிடிஎஃப்பாக இல்லாமல் எழுத்தாக வேண்டும் என்று மனுவிலேயே ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.