முழக்கோல்

நுழையும்முன்

அளவு என்பது கணக்குப் பாடத்தில் மட்டும் இருப்பதன்று. பானை வனைபவரிடமும் துணி தைப்பவரிடமும் விறகு வெட்டுபவரிடமும் அளவு உண்டு. ஆந்திர மண்ணில் பிழைப்புத் தேடி வந்த ஒரு முதியவரின் கையில் இருந்த அளவுகோலைப் பற்றியது இப்பாடம்.

சித்தூர் நகரின் ஓரத்தில் ஒரு விறகுத் தொட்டி இருக்கிறது. தமிழ் பேசும் வாடிக்கையாளர்கள் அதனை ‘விறகுத் தொட்டி’ என்பர். தெலுங்கு பேசுவோர் ‘கட்டெல அடிதி’ என்பர். அங்கே வேலை செய்யும் முதியவர் இரு பெயருக்கும் மறுமொழி கூறுவார். நாற்பது ஆண்டுகளுக்கு முன் திருவண்ணாமலைப் பக்கத்தில், சவ்வாது மலையின் அடிவாரத்திலிருந்து கோடரி ஒன்றுடன் இவ்வூருக்கு வந்தவர் அவர். வந்த புதிதில் மொழி அச்சுறுத்தவில்லை. தமிழில் கட்டை என்பது தெலுங்கில் கட்டெ ஆயிற்று; கோடாலி கொட்டலி ஆயிற்று; முழம் மூர ஆயிற்று. 1911ஆம் ஆண்டுவரை சித்தூர் வட ஆர்க்காடு மாவட்டத்தின் பகுதியாக இருந்த ஊர். எனவே கடைவீதியில் இரு மொழிகளும் தோளோடு தோள் உரசி நடப்பது இங்குப் புதிதன்று.

முதியவரின் மகன் திருப்பதியில் பணிபுரிகிறார். பேத்தி அங்கேயே மத்தியப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். விடுமுறை வந்தால் அவள் சித்தூருக்கு வந்துவிடுவாள். தாத்தா விடியலில் தொட்டிக்குப் புறப்படும்போது தானும் உடன் கிளம்புவாள்.

தொட்டியில் அவள் முதலில் கவனித்தது தாத்தாவின் கோலை. புளிய மரத்தின் மிலாறு ஒன்றைச் செதுக்கிச் செய்த கோல் அது. நீளம் ஒரு முழம். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை உள்ள நீளம். வாள் வைக்கும் முன் அவர் ஒவ்வொரு மரத்தின்மீதும் அக்கோலைக் கிடத்திக் கத்தியால் ஒரு கீறல் இடுவார். ஆயிரம் கட்டை அறுத்தாலும் ஆயிரம் முறை கோல் வைப்பார்.

“நாற்பது ஆண்டாக வெட்டுகிறீர்களே, தாத்தா. கண்ணாலேயே அளவு தெரியாதா?” என்று பேத்தி கேட்டாள்.

“காலையில் கண்ணுக்குத் தெரியும். மாலையில் கை களைத்தால் கண்ணும் களைத்துவிடும், கண்ணு. கோல் களைக்காது” என்றார் அவர்.

விறகு ஏன் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும் என்பதை அவள் அவ்விடுமுறையில் அறிந்துகொண்டாள். அடுப்பு ஒவ்வொன்றுக்கும் ஆழம் உண்டு. கட்டை அளவுக்கு மீறி நீண்டால் பாதி வெளியே நிற்கும். உள்ளே எரிந்து தேய்ந்ததும் கொள்ளி நிலை சாய்ந்து வெளியே விழும். கட்டை குறுகினால் தீ பாத்திரத்தின் நடுவில் படாமல் ஓரத்தில் எரியும். திருமணச் சமையலுக்கு மண்ணைத் தோண்டி அமைக்கும் கோட்டை அடுப்பில் பல அண்டாக்கள் வரிசையாக நிற்கும். கட்டைகள் ஒரே அளவில் இருந்தால்தான் சோறு வேகும் நேரத்தைச் சமையற்காரரால் கணிக்க முடியும்.

நீளத்துக்கு அறுத்தபின் பிளக்க வேண்டும். பட்டை மரத்தின் ஈரத்தைக் காக்கும் போர்வை. உருட்டுக்கட்டையாகவே விட்டால் உள்ளீரம் எளிதில் வெளியேறாது. ஆப்பு வைத்துச் சம்மட்டியால் அடித்து நான்காகப் பிளந்தால் காற்று உள்மரத்தைத் தொடும். புதிதாக வெட்டிய பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி நீராகவே இருப்பதுண்டு. அதை அடுப்பில் வைத்தால் தீயின் ஆற்றல் முதலில் அந்நீரை ஆவியாக்குவதற்கே செலவாகும். சோறு வேகாது, கண் எரியும். நன்கு காய்ந்த விறகில் ஈரம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருப்பதில்லை. காய்ந்ததற்கு அடையாளம் இரண்டு: வெட்டுமுகத்தில் நட்சத்திரம்போல் வெடிப்பு விழும், இரு கட்டைகளைத் தட்டினால் ‘டக்’கென்று ஓசை கணீரென எழும். பச்சைக் கட்டையின் ஓசை மந்தமானது.

அடுக்குவதும் ஒரு தொழில்தான். முதலில் இரு வரிசைக் கற்களை வைத்து, அவற்றின்மேல் நீண்ட மரங்களைக் கிடத்துவார் தாத்தா. கட்டை மண்ணைத் தொட்டால் கரையான் ஏறும். அடியில் காற்றும் புகாது. பிறகு இரு முனைகளிலும் ஒரு வரிசை நெடுக்காகவும் அடுத்த வரிசை குறுக்காகவும் மாற்றி மாற்றி வைத்துத் தூண்போல் எழுப்புவார். இரு தூண்களுக்கும் இடையே மற்றக் கட்டைகள் படுக்கும். கட்டைகளின் நீளம் சமமாக இருந்தால் அடுக்கின் முகம் சுவர்போல் நேராக நிற்கும். ஒன்று துருத்தி நின்றால் போதும். கடந்து செல்பவரின் ஆடை பட்டு அது நகரும், அதன்மேல் இருப்பவை சரியும். நெஞ்சுயர அடுக்கு சரிந்தால் காலை முறிக்கும். எனவே குறைந்த கட்டையையும் நீண்ட கட்டையையும் அவர் அடுக்கில் சேர்ப்பதில்லை. தனியே போட்டுத் தேநீர்க் கடைக்காரருக்குக் குறைந்த விலைக்குத் தந்துவிடுவார்.

ஓர் அடுக்கை அளந்து பார்த்தாள் பேத்தி. நீளம் 4 மீட்டர், உயரம் 1.5 மீட்டர், அகலம் ஒரு கட்டை நீளம், அதாவது 45 சென்டிமீட்டர். பெருக்கினால் 2.7 கன மீட்டர். ஆனால் அவ்வளவும் மரமன்று. கட்டைகளுக்கு இடையே காற்றும் இருக்கிறது. மீட்டர் அளவுமுறையை உருவாக்கிய பிரெஞ்சுக்காரர்கள் 1795ஆம் ஆண்டில் அடுக்கிய விறகுக்கென்றே ‘ஸ்டியர்’ என்னும் தனி அளவை வகுத்தனர். ஒரு மீட்டர் நீள, அகல, உயரமுள்ள அடுக்கே ஒரு ஸ்டியர். கட்டைகள் சமமாக இருந்தால்தான் அக்கணக்கு நிற்கும். கோணல்மாணலாக அடுக்கினால் வாங்குபவர் காற்றுக்கும் காசு கொடுத்தவராவார்.

எடைபோட்டு வாங்குவோருக்கும் ஓர் ஆபத்து உண்டு. பச்சை விறகு 100 கிலோ வாங்கினால் அதில் 50 கிலோ நீர். அது காய்ந்து ஐந்தில் ஒரு பங்கு ஈரத்துக்கு வரும்போது ஏறத்தாழ 62 கிலோவே மிஞ்சும். இதனைப் பேத்தி நோட்டில் கணக்கிட்டுக் காட்டியபோது தாத்தா சிரித்தார். கணக்கு அவருக்குத் தெரியாது; ஆனால் பச்சை விறகை அவர் தராசில் ஏற்றியதே இல்லை.

இன்று விறகு வாங்குவோர் குறைந்துவிட்டனர். வீடுகளுக்கு எரிவாயு வந்துவிட்டது. திருமலையில் லட்டு செய்யும் மடைப்பள்ளியில்கூட 1984ஆம் ஆண்டில் விறகின் இடத்தை எரிவாயு பிடித்தது. திருமண வீடுகளும் சில உணவுக்கடைகளுமே தொட்டியை நடத்துகின்றன.

ஒரு மாலை, தொட்டியின் வாயிலில் ஒருவர் வந்து நின்றார். வயது நாற்பதுக்குள் இருக்கும்; ஆனால் நடை தளர்ந்திருந்தது. தாத்தா அவரை உட்காரவைத்துத் தேநீர் தந்தார். அவர் சென்றபின் பேத்தி வினவினாள். தாத்தா தயங்கித் தயங்கிச் சொன்னார். அவரும் அதே மலையடிவாரத்து ஊர்க்காரர். சாமை அறுவடை முடிந்தபின் ஊரில் கூலி வேலை இல்லாத ஓர் ஆண்டில் தரகர் ஒருவர் வந்து முன்பணம் கொடுத்தார். மரம் வெட்டும் வேலை, சில நாள், பெருங்கூலி என்றார். வெட்ட வேண்டியது விறகன்று, செம்மரம்.

தெலுங்கில் எர்ரசந்தனம் எனப்படும் செம்மரம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டுமே இயற்கையாக வளர்வது. திருப்பதியைச் சூழ்ந்த சேஷாசல மலைகள் அதன் தாயகம். முதலைத் தோல்போல் வெடித்த பட்டை, அதன்கீழ் வெண்மரம், அதற்குள் குருதிச் சிவப்பில் வைரம். அவ்வைரம் நீரில் மிதக்காது, மூழ்கும். பயன்தரும் வைரம் முற்றப் பல பத்தாண்டுகள் ஆகும். சீனத்தில் அறைகலன்களுக்கும் ஜப்பானில் சாமிசென் என்னும் நரம்பிசைக் கருவிக்கும் இம்மரத்தை விரும்புகின்றனர். விலை மிகுதி, எனவே திருட்டும் மிகுதி. அரசின் ஒப்புதலின்றி அதனை வெட்டுவதும் கொண்டுசெல்வதும் குற்றம். திருடர்களிடமிருந்து மீட்ட கட்டைகளை வனத்துறை கிடங்குகளில் எண்ணிட்டு அடுக்கிவைத்துப் பின்னர் ஏலம் விடுகிறது.

காட்டுக்குள் நுழைபவர் மரத்தைச் சாய்த்து, வெண்மரத்தைச் செதுக்கி நீக்கி, ஓர் ஆள் தோளில் சுமக்கும் அளவுக்குத் துண்டாக்குகிறார். அதே கை, அதே கோடரி, அதே அளவுத் திறன். பெரும்பொருள் தொலைவில் இருப்பவருக்கு, பிடிபடுவது சுமப்பவர். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் செம்மரக் கடத்தல் தடுப்புப் படையினர் சுட்டதில் 20 பேர் உயிரிழந்தனர். அவர்கள் திருவண்ணாமலை, தருமபுரி முதலிய தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். தொட்டிக்கு வந்த ஊர்க்காரர் வேறோர் ஆண்டில் பிடிபட்டுச் சிறை சென்றவர். வெளியே வந்த பின்னும் வழக்குக்காக மலையடிவாரத்திலிருந்து ஆந்திர நீதிமன்றத்துக்கு நடையாய் நடக்கிறார்.

“அவர் செய்தது தவறுதானே, தாத்தா?” என்றாள் பேத்தி.

“தவறுதான். அவனே அப்படித்தான் சொல்கிறான்.” சற்று நேரம் பேசாதிருந்த தாத்தா மேலும் சொன்னார்: “அவனுக்கும் என்னைப் போலவே வெட்டத் தெரியும், கண்ணு. எனக்கு இங்கே ஒரு தொட்டி கிடைத்தது. அவனுக்குக் கிடைக்கவில்லை.”

அன்றிரவு பேத்திக்குத் திருப்பதி வீட்டில் இருக்கும் மரப்பாச்சிப் பொம்மைகள் நினைவுக்கு வந்தன. ஆணும் பெண்ணுமாக ஓர் இணை. கொலுவில் ஆண்டுதோறும் இடம்பெறுபவை. அவையும் செம்மரத்தில் கடைந்தவையே. ஒரு சாண் உயரங்கூட இல்லாத அவ்விரு பொம்மைகளுக்குள் இத்தனை பெரிய காடு இருந்ததை அவள் அதுவரை எண்ணியதில்லை.

விடுமுறையின் கடைசி நாளில் அவள் தன் பள்ளி அளவுகோலைத் தாத்தாவின் முழக்கோலுக்குப் பக்கத்தில் வைத்தாள். 45 சென்டிமீட்டர் இருக்க வேண்டிய கோல் 44 சென்டிமீட்டரே இருந்தது. பல ஆண்டுகளாகக் கட்டைகளில் மோதி மோதி அதன் இரு முனைகளும் தேய்ந்திருந்தன. சொல்லலாமா, வேண்டாமா என்று அவள் தயங்கினாள். பிறகு சொன்னாள்.

தாத்தா கோலைக் கையில் வாங்கி முனைகளைத் தடவிப் பார்த்தார். “அப்படியானால் அடுக்குக் கணக்கில் வாங்கியவர்களுக்கு எவ்வளவு குறைந்திருக்கும்?”

“நூறு கட்டைக்கு இரண்டு கட்டைக்குச் சற்று மேல்.”

அவர் அக்கோலை அடுப்பில் செருகினார். வேறொரு மிலாறை எடுத்துப் பேத்தியின் அளவுகோலை வைத்துக் கீறல் இட்டுச் செதுக்கினார். பழைய கோலால் அளந்து அடுக்கிய கட்டைகள் தீரும்வரை, நூறு கட்டை வாங்கியவர்களின் வண்டியில் அவர் கையாலேயே மூன்று கட்டைகளைக் கூடுதலாக ஏற்றினார்.

சொல்லும் பொருளும்

விறகுத் தொட்டி – விறகு விற்கும் இடம்
மிலாறு – சிறு கிளை, வளார்
ஆப்பு – மரத்தைப் பிளக்கச் செருகும் முளை
கொள்ளி – எரியும் கட்டை
வைரம் – மரத்தின் முற்றிய உள்பகுதி
மரப்பாச்சி – மரத்தால் செய்த பொம்மை

வினாக்கள்

1. கட்டைகளை ஒரே நீளத்தில் வெட்டுவதால் அடுப்பிலும் அடுக்கிலும் விளையும் நன்மைகள் யாவை?
2. காய்ந்த விறகை எவ்வாறு அறியலாம்?
3. தொட்டிக்கு வந்த ஊர்க்காரரைப் பற்றித் தாத்தா கூறிய மறுமொழியின் பொருளை உம் சொற்களில் எழுதுக.
4. பேத்தி சொன்னது ‘இரண்டு கட்டைக்குச் சற்று மேல்’; தாத்தா தந்தது மூன்று. ஏன்?
5. உம் வீட்டுப் பெரியவர்கள் எவ்வூரிலிருந்து, என்ன தொழில் தெரிந்து, எங்கு வந்தனர் எனக் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.