உடைய வேண்டிய தகடு

கோவை கணபதியில் அந்த லேத் பட்டறைக்குள் நான் நுழைந்தபோது, மினி லாரியிலிருந்து உடைந்த சாஃப்ட் ஒன்றைச் செயின் பிளாக் போட்டு இறக்கிக்கொண்டிருந்தார்கள். பல்லடம் பக்கத்துக் கல் கிரஷரிலிருந்து வந்தது. தொடை கனம் இருக்கும். நடுப்பகுதி மையம் விலகிக் கடைந்திருப்பதால், சுற்றும்போது கிரஷரின் தாடையை ஆட்டுவது இதுதான்.

"மெட்டீரியல் சரியில்லைங்கண்ணா. போட்டு ரெண்டு வருஷம்கூட ஆகலை" என்றார் கூட வந்த ஃபிட்டர்.

டர்னர் பதில் சொல்லவில்லை. டீசல் நனைத்த துணியால் உடைந்த முகத்தைத் துடைத்து, டார்ச் அடித்து எனக்குக் காட்டினார். ஓரத்தில் ஓரிடத்தில் தொடங்கி, கிளிஞ்சலின் முதுகில் இருப்பதுபோல வரி வரியாக வளைவுகள். அந்தப் பகுதி வழவழப்பாக, லேசாகச் செம்பழுப்பு ஏறிக் கிடந்தது. மீதி, உடைத்த கல்கண்டு மாதிரி சொரசொரவென்று மின்னியது.

"துரு ஏறுன பக்கம் பழைய விரிசலுங்க சார். ஈரம் உள்ளே போற அளவுக்கு வாய் திறந்திருக்கு. மின்னுற பக்கம்தான் நேத்து ஒடைஞ்சது."

ரயில் அச்சுகள் இப்படி உடைந்ததைத்தான் ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் 19ஆம் நூற்றாண்டில் ஆண்டுக்கணக்காகச் சோதித்தார். ஒரு தடவை என்றால் இரும்பு சுலபமாகத் தாங்கிவிடும் பாரமே, திரும்பத் திரும்ப விழுந்தால் அதை உடைத்துவிடும். நிமிடத்துக்கு 250 சுற்று என்று வைத்துக்கொண்டால், எட்டு மணி நேர வேலையில் 1,20,000 சுற்று. ஒன்பதே நாளில் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும்.

விரிசல் பிறந்த இடம், பேரிங் உட்காரும் படியின் மூலை. டர்னர் அங்கே கட்டைவிரல் நகத்தை வைத்து இழுத்தார். நகம் தட்டி நின்றது. சாஃப்ட்டின் பருமன் மாறுகிற இடத்தில் மூலை கூர்மையாக இருந்தால் விசை அங்கேதான் குவியும். ஆனால் அவர் அதோடு விடவில்லை.

"லோடு லேசுன்னா விரிசல் முக்கால்வாசி ஓடுன பொறகுதான் ஒடையும். இது பாதியிலேயே போயிருச்சு. பெரிய அடி வாங்கியிருக்கு. ஏன் தம்பி, டாகிள் பிளேட்டு கடைசியா எப்ப ஒடைஞ்சுது?"

"ஒடையவே இல்லீங்கண்ணா. அடிக்கடி போகுதுன்னு கூட ஒரு தகடு வச்சு வெல்டு பண்ணிட்டோம்."

பட்டறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

டாகிள் பிளேட் என்பது தாடைக்குப் பின்னால் முட்டுக் கொடுக்கும் தகடு. வீட்டுக்கு ஃபியூஸ் எப்படியோ, கிரஷருக்கு அது அப்படி. கல்லோடு சேர்ந்து பொக்லைன் வாளியின் பல் ஒன்று உள்ளே விழுந்தால் தாடையால் நசுக்க முடியாது. இரண்டு பக்கமும் சுழலும் ஃபிளைவீலோ நிற்காது. அதில் சேர்ந்திருக்கும் வேகம் முழுவதும் ஒரு கணத்தில் அடியாக இறங்கும். அப்போது தகடு உடைந்து மற்றதைக் காப்பாற்றும். தகட்டைக் கெட்டியாக்கிவிட்டால் அந்த அடி சாஃப்ட்டுக்குப் போகும். சிக்கியதை எடுக்கக் கடப்பாரையோடு மேலே ஏறி நிற்கிற ஆளை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. ஸ்விட்சை அணைத்த பிறகும் ஃபிளைவீல் நெடுநேரம் சுற்றும்.

"பழசையே வெல்டு வச்சுக் குடுங்கண்ணா, நாளைக்கு ஓட்டணும்" என்று ஃபிட்டர் கெஞ்சினார். அவரைக் குறை சொல்லி என்ன? கிரஷர் நின்றால் முதலாளியின் ஏச்சு முதலில் விழுவது அவர் தலையில்தான். டர்னர் மறுத்துவிட்டார். வெல்டு வைத்தால் ஓரத்து இரும்பு சூட்டில் இறுகி நொறுங்கும் குணத்துக்கு வந்துவிடும். மறுபடி அங்கேயே விடும்.

புதிய சாஃப்ட் கடைந்த அன்றும் போயிருந்தேன். மூலைக்கு வந்ததும் டர்னர் டூலைக் கழற்றி, கிரைண்டரில் முனையை உருட்டித் தீட்டினார். ரேடியஸ் கேஜை வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மறுபடி தீட்டினார். கடைந்து முடித்து எமரித் துணி போட்டுத் தேய்த்தபின், அதே கட்டைவிரல் நகத்தால் இழுத்தார். இந்தத் தடவை எங்கும் தட்டவில்லை.

இரண்டு மாதம் கழித்து அந்தக் கிரஷருக்குப் போனேன். இமையெல்லாம் கல் தூசி படிந்த முகத்தோடு ஃபிட்டர் ஓடி வந்து, இரண்டு துண்டாகக் கிடந்த டாகிள் பிளேட்டைக் காட்டினார்.

"நேத்து ஒடைஞ்சிருச்சுங்க சார். மத்தியானத்துக்குள்ள வேற மாட்டி ஓட்டிட்டோம். அண்ணங்கிட்ட சொல்லிருங்க."